மவுஸால் மாடி எடுப்பது எப்படி?

மேலே ஒரு பெட்ரூம், ஒரு பாத்ரூம். உங்களுக்குத் தேவை அவ்வளவுதான். பெண்ணுக்கு வரன் பார்க்கிறீர்கள். நாளைக்கு மாப்பிள்ளை வந்தால் தங்க ஓர் இடம் வேண்டும். மொட்டை மாடியில் பில்லர் கம்பிகள் பதினைந்து வருஷமாக வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றில் இரண்டுக்கு நடுவே துணிக்கொடி ஓடுகிறது. மேஸ்திரியைக் கூப்பிட்டால் அவர் ஏறி வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "எத்தனை சதுரம் சார்?" என்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமலே மாதக்கணக்கில் மும்முரமாக உழைக்க ஒரு வழி இருக்கிறது. வீட்டை வரைய எந்தச் சாஃப்ட்வேர் நல்லது என்று தேட ஆரம்பிப்பதுதான் அது. கீழே சொல்லியிருப்பதை வரிசை மாறாமல் செய்யுங்கள். பாதியை ஏற்கெனவே செய்துகொண்டிருப்பீர்கள். மீதியையும் முறைப்படி செய்துவிடுங்கள்.

1. தேவையை எழுதி வைக்காதீர்கள்

எத்தனை பேருக்கு, எவ்வளவு பணத்தில், எந்தப் பக்கம் என்று மூன்று வரி எழுதினால் பாதி வேலை முடிந்துபோகும். முடிந்துபோனால் சாஃப்ட்வேருக்கு என்ன வேலை? பேனாவை மூடி வையுங்கள். "வீடு வரையச் சிறந்த பத்து சாஃப்ட்வேர்" என்று யூடியூபில் தேடுங்கள். பத்தையும் பாருங்கள். ஒவ்வொருவர் பட்டியலும் ஒவ்வொரு விதமாக இருக்கும். ஆகவே எல்லாப் பட்டியலையும் சேர்த்து எக்செல்லில் ஒரு பெரிய பட்டியல் போடுங்கள். 3டி உண்டா, மரம் உண்டா, மழை பெய்யுமா, ராத்திரி வெளிச்சம் வருமா என்று தலைப்புகள் கொடுங்கள். "அடி அங்குலத்தில் அளவு போட முடியுமா" என்ற தலைப்பை மறந்துவிடுங்கள். "மேஸ்திரிக்குப் புரிகிற மாதிரி அச்சடிக்க முடியுமா" என்பதையும்.

2. சுலபமானதை முதலில் கழித்துக்கட்டுங்கள்

ஸ்வீட் ஹோம் 3டி என்று ஒன்று 2006 முதல் இருக்கிறது. இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஒரு பக்கம் சாமான்கள், மேலே தரைப்படம், கீழே அதே வீடு முப்பரிமாணத்தில். சுவரை இழுக்கலாம், கதவைப் பொருத்தலாம், அளவு போடலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டு நேரத்துக்குள் உங்கள் ஓர் அறை தயாராகிவிடும்.

ஆபத்து புரிகிறதா? மத்தியானம் என்ன செய்வீர்கள்? இலவசமாகக் கிடைத்ததை வைத்து அரை நாளில் வரைந்தேன் என்று வரப்போகும் சம்பந்தியிடம் எந்த முகத்தோடு சொல்வீர்கள்? "பொம்மை மாதிரி இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லி ஒதுக்கிவிடுங்கள்.

3. விமான நிலையம் கட்டுகிறவர்கள் எடுப்பதை எடுங்கள்

ஆட்டோகேட் 1982-இல் வந்தது. என்ஜினீயர்களும் டிராஃப்ட்ஸ்மேன்களும் கையொப்பம் மாதிரிப் பழகி வைத்திருக்கும் சாமான். உங்கள் தெருக்கோடியில் பிளான் போட்டுத் தருகிற பையன் உங்கள் அறையை அதில் ஒரு சாயங்காலத்தில் வரைந்துவிடுவான். அவனிடம் கொடுத்துவிடாதீர்கள். நீங்களே கற்றுக்கொள்ளுங்கள். கோடு போட ஒரு கட்டளை, கோட்டை வெட்ட ஒரு கட்டளை, வெட்டியதை ஒட்ட ஒரு கட்டளை. இரண்டு மாதத்தில் ஒரு செவ்வகம் கைவரும்.

அதுவும் போதவில்லை என்றால் ரெவிட். 2002-இல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் விலை கொடுத்து வாங்கியது. ஆஸ்பத்திரி, விமான நிலையம், முப்பது மாடிக் கட்டடம் என்று ஐம்பது பேர் சேர்ந்து வரைகிற இடங்களுக்கானது. அதில் ஒரு சுவரை இழுத்தால் அது கோடு அல்ல. இத்தனை கனம், இந்தப் பூச்சு, இந்த வகைக் கல் என்று தன் ஜாதகத்தோடு வரும் சுவர். உங்கள் பாத்ரூமுக்கு இது கட்டாயம் வேண்டும். ரெவிட் ஓட லேப்டாப் திணறும். ஆகவே லேப்டாப்பை மாற்றுங்கள். புது லேப்டாப்பின் விலைக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு சிவில் என்ஜினீயர் வந்து வீட்டைப் பார்த்து, வரைபடமும் போட்டுக் கொடுத்திருப்பார் என்று யாராவது சொன்னால், அவர் தொழில்நுட்பம் தெரியாதவர் என்று முடிவுகட்டுங்கள்.

4. அல்லது எல்லோரும் சொல்வதை எடுங்கள். பழைய வீடியோவில் படியுங்கள்

எல்லோரும் சொல்வது ஸ்கெட்ச்அப். 2000-இல் வந்தது, 2006-இல் கூகுளிடம் போனது, 2012-இல் ட்ரிம்பிள் நிறுவனத்திடம் போனது. இன்னும் நம் ஊரில் "கூகுள் ஸ்கெட்ச்அப்" என்றுதான் சொல்வார்கள். நீங்களும் அப்படியே சொல்லுங்கள். கணினியில் இறக்கி ஓட்டும் இலவசப் பதிப்பு 2017-ஓடு நின்றுவிட்டது. இப்போதைய இலவசப் பதிப்பு பிரவுசரில் ஓடுவது. ஆகவே 2013-இல் எடுத்த வீடியோவைத் தேடிப் பிடித்து அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். அவர் அழுத்துகிற பட்டன் உங்களிடம் இருக்காது. இல்லாத பட்டனைத் தேடுவதில் ஆடி போய் ஆவணி வந்துவிடும். அதற்குள் வரன் அமைந்துவிட்டால் சந்தோஷம். மனம் தளராமல் அடுத்த வீடியோவுக்குப் போங்கள்.

(திறந்ததும் திரையில் ஓர் ஆள் நிற்பார். உயரம் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கிறார்கள். அவரை அழிக்காதீர்கள். இந்தத் திட்டத்துக்கு ஆட்சேபம் சொல்லாத ஒரே ஆள் அவர்தான்.)

5. டேப்பைத் தொடாதீர்கள்

இப்போது இருக்கும் வீட்டை அளந்தால் வம்பு. கீழ் வீடு முப்பதுக்கு நாற்பது என்று பத்திரத்தில் இருக்கிறதா, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். மனையின் அளவும் வீட்டின் அளவும் ஒன்றா என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். அப்பா காலத்து அப்ரூவல் பிளான் பீரோவில் மடித்து இருக்கும், நீலம் மங்கியிருக்கும், அதை ஸ்கேன் செய்யுங்கள். அதில் காட்டிய போர்ட்டிகோவை அவர் கட்டவில்லை, காட்டாத பின்கட்டைக் கட்டினார் என்பது உங்களுக்கே தெரியும். பரவாயில்லை, பிளான் அழகாக இருக்கிறது.

மூலைக்கு மூலை குறுக்கே டேப் பிடித்து அளந்தால் இரண்டு குறுக்களவும் சமமாக வர வேண்டும். வராவிட்டால் வீடு கோணல். மேஸ்திரி இதை மூலைமட்டம் வைத்தே ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார். நீங்கள் குறுக்கே அளக்காதீர்கள். திரையில் எல்லா மூலையும் தொண்ணூறு டிகிரி. தெருப்பக்கம் முப்பது அடியும் கொல்லைப்பக்கம் இருபத்தெட்டே முக்கால் அடியும் இருக்கும் மனை சாஃப்ட்வேரின் கண்ணில் படாது. நீங்களாகப் போய்க் காட்டிக்கொடுக்காதீர்கள்.

6. ஏழரைச் சுவர் கட்டுங்கள்

கழித்துக்கட்டிய அந்த ஸ்வீட் ஹோம் 3டியை, எல்லோரும் தூங்கிய பிறகு நீங்கள் ரகசியமாக இறக்கியிருப்பீர்கள். தெரியும். அதிலே சுவரை இழுத்தால் அது தானாக எடுத்துக்கொள்ளும் கனம் 7.5 சென்டிமீட்டர். மூன்று அங்குலம். அமைப்பில் போய் மாற்ற ஓர் இடம் இருக்கிறது; மாற்றாதீர்கள். நம் செங்கல் சுவர் ஒன்பது அங்குலம், பூச்சோடு இன்னும் கொஞ்சம். ஏழரை எவ்வளவு மேல்!

கணக்கைப் பாருங்கள். வெளியளவு முப்பது அடி. இரண்டு ஓரச் சுவர், நடுவில் ஒன்று. ஒன்பது அங்குலச் சுவர் மூன்றும் சேர்ந்து இரண்டே கால் அடியைச் சாப்பிட்டுவிடும். உள்ளே மிஞ்சுவது 27 அடி 9 அங்குலம். ஏழரைச் சுவரில் மிஞ்சுவது 29 அடி 3 அங்குலம். காசு செலவில்லாமல் ஒன்றரை அடி கிடைத்திருக்கிறது. அந்த ஒன்றரை அடியில் பீரோவை வையுங்கள். திரையில் கச்சிதமாக உட்காரும். வீடு கட்டி முடிந்து பீரோ வந்து இறங்குகிற அன்றைக்கு, அதன் கதவு கட்டிலில் இடிக்கும்போது, சனி எத்தனை வருஷம் பிடிக்கும் என்று ஜோசியரைக் கேளுங்கள்.

7. சாஸ்திரத்தையும் மீட்டரையும் கலந்து அடியுங்கள்

மாமனார் மனையடி சாஸ்திரம் பார்ப்பார். பதினோரு அடி நல்லது, பன்னிரண்டு ஆகாது என்பார். அதுவும் உள்கூடு அளவு, பூச்சுக்குப் பூச்சு. அவரிடம் தலையாட்டிவிட்டுத் திரைக்கு வாருங்கள். சாஃப்ட்வேர் மீட்டரில் இருக்கும். சுவரை இழுத்து மூன்றரை மீட்டரில் விட்டுவிடுங்கள். அது பதினோரு அடி ஐந்தே முக்கால் அங்குலம். பதினொன்றும் இல்லை, பன்னிரண்டும் இல்லை. நல்லது நடந்தால் பதினொன்று, கெட்டது நடந்தால் பன்னிரண்டு என்று இரண்டு பக்கமும் பேசலாம்.

மேஸ்திரி அடியில் பேசுவார், டைல்ஸ் கடைக்காரர் மில்லிமீட்டரில் பேசுவார், ஜன்னல் ஆசாரி அங்குலத்தில் பேசுவார், நிலம் சென்ட்டில் இருக்கிறது. நீங்கள் மீட்டரில் நின்றுவிடுங்கள். யாருக்கும் கட்டுப்படாதவர் என்ற பெயர் வரும்.

8. சூரியனை அமெரிக்காவில் விடுங்கள்

இது நுணுக்கமான கட்டம். கவனமாகக் கெடுக்க வேண்டும்.

ஸ்கெட்ச்அப்பில் நிழல் போட்டுப் பார்க்கலாம். எந்த மாதம், எந்த மணிக்கு வெயில் எந்த ஜன்னலில் விழும் என்று காட்டும். ஆனால் ஊரை நாம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது தான் பிறந்த ஊரான கொலராடோ மாநிலத்து போல்டரிலேயே வீட்டை வைத்துக்கொள்ளும். போல்டர் 40 டிகிரி வடக்கில் இருக்கிறது. மே மாதத்திலும் சில வருஷம் பனி விழுகிற ஊர். உங்கள் வீடு திருச்சியில், 11 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே. போல்டரில் உச்சிவேளைச் சூரியன் வருஷம் முழுக்கத் தெற்கே சாய்ந்துதான் இருக்கும். திருச்சியில் ஏப்ரல் பிற்பாதி முதல் ஆகஸ்ட் கடைசி வாரம் வரை உச்சிச் சூரியன் தலைக்கு மேலே, சற்று வடக்கே தள்ளி நிற்கும். அக்னி நட்சத்திரம் முழுக்க அதற்குள் அடங்கிவிடும்.

ஊரை மாற்றாதீர்கள். போல்டர் நிழலைப் பார்த்து, "வடக்கே வெயிலே வராது, சன்ஷேடு எதுக்கு?" என்று முடிவெடுங்கள். மேற்கே தரையிலிருந்து மேற்கூரை வரை ஒரே கண்ணாடியாகப் போடுங்கள். படத்தில் சாயங்கால வெளிச்சம் கட்டிலின் மேல் பொன்னாகப் படரும். அந்தப் படத்தை ஸ்டேட்டஸில் வையுங்கள். மேற்கூரைக்கு மேல் இன்னொரு தளம் இல்லை, வெயில் முழுதும் அந்த ஒரே கான்கிரீட்டில்தான் இறங்கும் என்பதைச் சாஃப்ட்வேர் சொல்லாது. அதற்குச் சுடாது. முதல் சித்திரையில் ஏசி மெக்கானிக் சொல்வார்: "ஒரு டன் பத்தாது சார்."

9. சாமான்களால் நிரப்புங்கள்

சாஃப்ட்வேரோடு வரும் சாமான் பட்டியலில் குளிர் காயும் கணப்பு உண்டு, பியானோ உண்டு. எதையும் வீணாக்காதீர்கள். கிரைண்டர் இருக்காது, இட்லிக் குண்டான் வைக்கப் பரண் இருக்காது, அரிசி மூட்டை இருக்காது, தீபாவளிக்கு வந்த பக்கெட்டுகள் இருக்கவே இருக்காது. உங்கள் வீட்டில் இருப்பது எதுவும் பட்டியலில் இல்லாததால் அறை விசாலமாகத் தெரியும். அப்படியே விட்டுவிடுங்கள்.

10. படிக்கட்டைக் கடைசியில் செருகுங்கள்

அறை, பால்கனி, தொட்டிச்செடி எல்லாம் முடிந்த பிறகு யாராவது ஒருவர், பெரும்பாலும் அம்மா, "மேலே எப்படிடா போறது?" என்று கேட்பார். அதுவரை படிக்கட்டை நினைக்கக்கூடாது.

ஏனென்றால் படிக்கட்டு இடம் கேட்கும். தரைக்குத் தரை பத்தரை அடி என்று வையுங்கள், 126 அங்குலம். ஒரு படி ஏழு அங்குல உயரம் என்றால் பதினெட்டு ஏற்றம். நடுவில் பதினேழு மிதி. மிதிக்குப் பத்து அங்குலம். 170 அங்குலம், பதினான்கு அடிக்கு மேல் நீளம். அகலம் ஒரு மூன்று அடி. ஏறி நிற்க, இறங்கி நிற்க இடம் தனி. கீழே ஹாலில் பாதி போய்விடும். வெளியே போட்டால் பக்கத்தில் விட்ட இடம் போய்விடும்.

கவலை வேண்டாம். பட்டியலில் சுருள் படிக்கட்டு இருக்கிறது. ஐந்தடிக்கு ஐந்தடியில் ஒடுங்கிக்கொள்ளும். இழுத்து மூலையில் விடுங்கள். சாஃப்ட்வேர் வாயைத் திறக்காது. அம்மாவின் முழங்கால் திறக்கும். கட்டில் ஏறாது, மெத்தையை மடித்தாலும் ஏறாது, பீரோவைக் கயிறு கட்டி வெளியிலிருந்து தூக்க வேண்டும். மேலே காலமாகிறவர்களையும் அதே கயிற்றில்தான் இறக்க வேண்டும். ஆனால் படத்தில் அந்தப் படிக்கட்டு எவ்வளவு நளினம்!

11. நிலத்துக்குக் கீழே எட்டிப் பார்க்காதீர்கள்

திரையில் வீட்டைச் சாய்த்து அடிப்பக்கம் பாருங்கள். ஒன்றுமே இல்லை. ஒரு வெறும் தகடு, அதற்கு மேல் உங்கள் வீடு. இதைவிட மனநிம்மதி எங்கே கிடைக்கும்? இந்த நிம்மதியைக் காப்பாற்றுவதுதான் இந்தக் கட்டம்.

கீழ் வீடு பில்லர் பீமில் நிற்கிறதா, சுவர் மேலேயே பாரம் இறங்குகிறதா என்று யாரையும் கேட்காதீர்கள். சுவரில் நிற்கிற வீடு என்றால் மேல் சுவர் கீழ்ச் சுவருக்கு நேர் மேலே வர வேண்டும், இல்லாவிட்டால் பீம் கொடுக்க வேண்டும் என்பார்கள். அதைக் கேட்டால் உங்கள் அழகான பெட்ரூமைக் கீழே இருக்கிற சமையலறையின் இஷ்டத்துக்கு மாற்ற வேண்டிவரும். சாஃப்ட்வேரில் கீழ்த்தளத்தை மறைத்து வைக்க ஒரு கண் படம் இருக்கும். அதை அழுத்தி மறைத்துவிடுங்கள். பிறகு நடு ஹாலின் தலைக்கு மேலே ஒன்பது அங்குலச் சுவரை நிம்மதியாகக் கட்டலாம்.

என்ஜினீயர் வந்தால் சுவரோரம் ஒரு குழி தோண்டி அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று பார்க்கச் சொல்வார். செம்பருத்திச் செடி போய்விடும் என்று மறுத்துவிடுங்கள். பில்லர் கம்பியைப் பார்ப்பார். பழைய கம்பியோடு புதுக் கம்பியைச் சேர்த்துக் கட்ட, கம்பியின் கனத்தைப் போல ஐம்பது மடங்கு நீளம் வேண்டும் என்பது அவர்கள் கைக்கணக்கு. 12 மில்லிமீட்டர் கம்பிக்கு இரண்டடி. உங்கள் கம்பி பதினைந்து மழைக்காலம் நனைந்து, செதில் செதிலாக உதிர்ந்து, துணிக்கொடிக்காக ஒரு முறையும் மரம் வெட்ட வந்தவர் வசதிக்காக ஒரு முறையும் வளைக்கப்பட்டிருக்கிறது. என்ஜினீயர் அதைச் சுத்தியலால் தட்டுவதற்குள் காபி கொடுத்துக் கீழே அழைத்துவந்து, மானிட்டரில் 3டியைச் சுற்றிக் காட்டுங்கள். அவர் பேசாமல் பார்ப்பார். அதை வியப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மொட்டை மாடியும் திரையில் ஒரே மட்டம். நிஜத்தில் மழைத்தண்ணீர் ஓட வாட்டம் வைத்து, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, மேலே தட்டோடு பதித்திருக்கும். அறை வரும் இடத்தில் அதையெல்லாம் கொத்தி எடுக்க வேண்டும். அந்தக் கூலியும், குப்பையை அள்ளும் டிராக்டரும் சாஃப்ட்வேரின் செலவுப் பட்டியலில் வராது. அந்தப் பட்டியலை அச்சடித்து வங்கிக் கடனுக்குக் கொடுங்கள்.

12. பாத்ரூமைப் பூஜை அறை மேல் வையுங்கள்

கீழ்த்தளத்தை மறைத்துவிட்டதால் இது தானாகவே நடக்கும். கூடுதல் முயற்சி தேவையில்லை. கீழ் பாத்ரூமுக்கு நேர் மேலே வைத்தால் குழாய் ஒரே நேராக இறங்கும், செலவு குறையும், ஒழுகினாலும் ஈரத்துக்குப் பழகிய இடத்தில் ஒழுகும். அதெல்லாம் கற்பனை வறண்டவர்கள் செய்வது.

இன்னொன்று. புதிதாகக் கட்டும்போது பாத்ரூம் வரும் இடத்தில் ஸ்லாபைப் பள்ளமாக விடுவார்கள். குழாய்கள் அந்தப் பள்ளத்துக்குள் ஓடும். உங்கள் ஸ்லாப் பதினைந்து வருஷத்துக்கு முன்பே சமமாகப் போட்டாயிற்று. ஆகவே பாத்ரூம் தரையை உயர்த்தித்தான் ஆக வேண்டும். அறையிலிருந்து அதற்குள் போக ஒரு படி வரும். திரையில் படி கிடையாது. ராத்திரி இரண்டு மணிக்கு மாப்பிள்ளை அதைக் கண்டுபிடிப்பார்.

13. விதியைச் சாஃப்ட்வேரிடம் விட்டுவிடுங்கள்

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 என்று ஒன்று இருக்கிறது. பக்கத்தில் எவ்வளவு விட வேண்டும், எவ்வளவு உயரம் போகலாம், மொத்தம் எத்தனை சதுர அடி எடுக்கலாம் என்றெல்லாம் சொல்லும். போல்டரில் எழுதிய சாஃப்ட்வேருக்கு அது தெரிந்திருக்கும் என்று நம்புங்கள். பால்கனியைப் பக்கத்து வீட்டு முருங்கை வரை நீட்டுங்கள். சிவப்பு எச்சரிக்கை வராவிட்டால் அனுமதி என்று அர்த்தம்.

2024-இல் சுயசான்று முறை வந்தது: 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால் அலைச்சல் இல்லாமல் இணையத்தில் அனுமதி. அதைப் பற்றி முழுதும் படிக்காதீர்கள். சுயசான்று என்றால் உங்களை நீங்களே ஆர்க்கிடெக்ட் என்று சான்றளித்துக்கொள்வது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

14. வீட்டில் கேட்காதீர்கள், காட்டுங்கள்

இதற்குள் கல்யாணம் முடிந்து, மாப்பிள்ளையும் பெண்ணும் தலைதீபாவளிக்கு வந்து ஹாலில் படுத்துவிட்டுப் போயிருப்பார்கள். வீட்டில் கேள்வி எழும். டிவியில் லேப்டாப்பை மாட்டி எல்லோரையும் உட்கார வைத்து, அறைக்குள் நடந்து போகிற வீடியோவைப் போடுங்கள். கேமரா சுவருக்குள் நுழைந்து மறுபக்கம் வரும். "துணி எங்கே காயப் போடறது?" என்று வீட்டம்மா கேட்பார். "ராத்திரி வியூ பாரு" என்று விளக்கைப் போடுங்கள். "ஜன்னலைத் திறந்தா பக்கத்து வீட்டு பாத்ரூம்தானே தெரியும்?" என்பார். படத்தில் அங்கே மலை தெரியும். மலையைக் காட்டுங்கள். ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் ஒரு புதுக் கோப்பு சேமியுங்கள்: மாடி, மாடி புதுசு, மாடி கடைசி, மாடி மாமா சொன்னது, மாடி கடைசி கடைசி. நான்கு மாதம் கழித்து மாமா சொன்னதைக் கட்டத் தொடங்குவீர்கள், தவறுதலாக.

15. மேஸ்திரியிடம் வாட்ஸ்அப்பில் ஒப்படையுங்கள்

இந்த இடத்தில்தான் பலர் தடுமாறி, அளவு போட்ட தரைப்படத்தை ஏ3 தாளில் அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். கூடாது. 3டி படத்தை, அதுவும் கோணலாகச் சாய்த்துப் பிடித்த ஒன்றை, வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அது படத்தைச் சுருக்கி, எண்களைப் பூச்சியாக்கிவிடும். மேஸ்திரி விரலால் பெரிதாக்கிப் பார்த்து, "இது எத்தனை அடி சார்?" என்பார். "படத்துல இருக்கற மாதிரியே" என்று பதில் அனுப்புங்கள். என்ஜினீயர் டிடபிள்யூஜி கோப்பு கேட்பார். ஸ்கெட்ச்அப்பின் இலவசப் பதிப்பு அதைக் கொடுக்காது. ஸ்கிரீன்ஷாட் கொடுங்கள்.

பிறகு மேஸ்திரி மொட்டை மாடிக்கு ஏறுவார். நூல் பிடிப்பார், சுண்ணாம்புத் தூள் தூவிக் கோடு போடுவார், கோட்டுக்குள் நின்று கைகளை விரித்து "கட்டில் இங்க, பீரோ இங்க, கதவு இப்படித் திறக்கும், சரியா?" என்பார். கால் மணி நேரத்தில் அறையின் நீள அகலம் உங்கள் கண்ணுக்கு முதல் தடவையாகத் தெரியும். வீட்டம்மா உள்ளே நடந்து பார்த்து, "கதவை இந்தப் பக்கம் வச்சுடுங்க" என்பார். மேஸ்திரி காலால் அழித்து மறுபடி போடுவார். உங்கள் எட்டு மாத உழைப்பைக் காப்பாற்ற இதுவே கடைசி வாய்ப்பு. லேப்டாப்பை மாடிக்குக் கொண்டுவாருங்கள். வெயிலில் திரை தெரியாது. ஒரு சித்தாளைக் குடை பிடிக்கச் சொல்லுங்கள். அவர் கூலி நாள் கணக்கு.

16. அழைப்பிதழில் படத்தைப் போடுங்கள்

அறை எப்படியோ எழும்பிவிடும், பெரும்பாலும் மேஸ்திரியின் கோட்டின்படி. பால் காய்ச்ச நாள் குறிப்பீர்கள். அழைப்பிதழில் நிஜ வீட்டின் போட்டோ வேண்டாம். உங்கள் 3டி படத்தைப் போடுங்கள். கண்ணாடிச் சுவர், வாசலில் சிவப்புக் கார், பின்னால் மலை. மேலே கறுப்புத் தண்ணீர் டேங்க் இருக்காது. அதை நீங்கள் எந்தக் கோப்பிலும் வரையவில்லை. அது இருந்த இடத்தில்தான் இப்போது பெட்ரூம் நிற்கிறது. டேங்க் சுருள் படிக்கட்டில் ஏறாமல், பீரோ போன கயிற்றிலேயே போய், பெட்ரூமின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது.

சம்பந்தி வீட்டார் தெருவுக்குள் வந்து, அழைப்பிதழைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, கோடிவரை போய்த் திரும்பி, போன் செய்வார்கள். எடுங்கள். "கார்டுல இருக்கற வீட்டைத் தேடாதீங்க. மேல டேங்க், டேங்குக்குக் கீழ நீட்டமா ஒரு கயிறு தொங்குதா, அதான் நம்ம வீடு" என்று சொல்லுங்கள். கயிற்றை அவிழ்க்கச் சொல்லாதீர்கள். வாஷிங் மெஷின் இன்னும் ஏறவில்லை.